மழை விடட்டும், பிறகு உடைப்போம்

கவுன்டருக்குப் பின்னால் புதிதாக நிற்க வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

வாடிக்கையாளர் சேவை பற்றி நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று உங்கள் மனேஜர் கேட்டார். அந்தத் தலைப்பில் எழுதுகிற அளவுக்கு நான் படித்தவள் இல்லை. ஆட்கள் கடைக்குள் நுழையும்போது பெட்டியை எப்படிப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள் என்று பார்க்கத் தெரியும், அவ்வளவுதான். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தால், வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஒரு கையில் தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டு வந்தால், ஆள் சண்டைக்கு வருகிறார். தலையில் சுமந்து வந்தால் தோட்டத்திலிருந்து நடந்து வந்திருக்கிறார். அவருக்கு முதலில் குடிக்கத் தண்ணீர் கொடுங்கள், பிறகு பில்லைக் கேளுங்கள்.

இதற்கு மேல் உபதேசம் என்னிடம் இல்லை. ஒரு கதை இருக்கிறது.

தொண்ணூறுகளில் நான் இந்தக் கம்பனியில் சேர்ந்தபோது நாங்கள் போன் விற்கவில்லை. டீவியில் பூட்டி விளையாடுகிற கேம் பெட்டியைச் சொந்தமாகச் செய்து விற்றோம். சிரிக்காதீர்கள். தலைமை அலுவலகம் கொழும்பில், எங்கள் கிளை இரத்தினபுரியில். எனக்கு வேலை கிடைத்ததற்குத் திறமை ஒரு காரணமே இல்லை. நான் தோட்டத்தில் பிறந்தவள், சிங்களம் தண்ணீர் பட்ட பாடு, ஆங்கிலத்தில் கடிதம் வந்தால் வாசித்துவிடுவேன். பெட்டி பழுது என்று வருகிறவர்களிடம் மூன்று மொழியிலும் ஏச்சு வாங்க அவர்களுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது.

கிளை மேலாளர் ஒரு சிங்களவர். பெயரை எழுதினால் என்னை ஏன் இதில் இழுத்தாய் என்று கேட்பார், ஆகவே சேர் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். எதற்கும் அவசரப்படாத மனிதர். கொழும்பிலிருந்து போன் வந்தால் முதலில் பிளேன்டியைக் குடித்து முடிப்பார், பிறகுதான் ரிசீவரை எடுப்பார். சேர்ந்த புதிதில் அவரைப் பெரிய சோம்பேறி என்று நினைத்தேன்.

எங்கள் முதல் பெட்டி சிவப்பு நிறம். அது சக்கைப் போடு போட்டது. கொழும்பில் ஏன் விற்றது என்று எனக்குத் தெரியாது, கலவானைப் பக்கத்துத் தோட்டங்களில் ஏன் விற்றது என்று சொல்கிறேன். அந்த நாளில் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் கரண்ட் இல்லை. ஒரு லயத்துக்கு ஒன்றோ இரண்டோ கறுப்பு வெள்ளை டீவி இருக்கும், அது கார் பெட்டரியில் ஓடும். பெட்டரி இறங்கினால் தோளில் தூக்கிக்கொண்டு டவுனுக்கு வந்து சார்ஜ் பண்ணிப் போக வேண்டும். கலவானை டவுனில் அந்த வேலையைச் செய்தவர் எங்கள் முகவர், எல்லாரும் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணன். ரேடியோ திருத்துகிறவராகத் தொடங்கிக் கடை வைத்தவர். நம் சிவப்புப் பெட்டியையும் அதே பெட்டரியில் ஓட வைக்க அவர் ஒரு வயரைக் கட்டிக் கொடுத்தார். பெட்டி ஒரு பக்கம், டீவி ஒரு பக்கம், நடுவே பெட்டரி. ஞாயிற்றுக்கிழமை லயமே ஒரு வாசலில் கூடிவிடும்.

பெட்டரியில் பூட்டினால் உத்தரவாதம் செல்லாது என்று எங்கள் கையேட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வேலையில் புதியவள் அல்லவா, நான் துள்ளிக்கொண்டு போய் சேரிடம் சொன்னேன். அவர் என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிக் கலவானைக்கு வந்தார், நானாவின் வயரை எடுத்துத் திருப்பிப் பார்த்தார், இதில் ஒரு பியூஸ் போடுங்கள், வீடு பற்றிக்கொள்ளாமல் இருக்கும் என்றார். அத்தோடு திரும்பிவிட்டோம்.

லயத்துக்கு ஒரு பெட்டி என்றால், அது லயத்துக்கே சொந்தம். எல்லாரும் சேர்ந்து வாங்கியது. ஒரு வாரம் இந்த வீட்டில், மறுவாரம் அடுத்த வீட்டில் என்று அது முறை வைத்துப் போகும். விளையாட்டில் ஒருவருக்கு மூன்று உயிர் என்று கம்பனி வைத்திருந்தது. லயத்தில் அது செல்லாது. பெட்டரி வாரம் முழுக்க ஓட வேண்டும், ஆட்களோ நிறைய. ஆகவே ஆளுக்கு ஓர் உயிர்தான். செத்தால் ஜொய்ஸ்டிக்கை அடுத்த ஆளிடம் கொடுத்துவிட்டு வரிசையின் கடைசியில் போய் உட்கார வேண்டும். கங்காணியானாலும் சரி, கங்காணியின் மருமகனானாலும் சரி.

அந்தப் பக்கத்தில் இந்த விளையாட்டின் ராணி செல்வமணி அக்கா. நாற்பதைத் தாண்டியவர், கொழுந்து பறிக்கிறவர், பிள்ளைகள் பெரியவர்கள். இளந்தாரிகள் எல்லாம் வந்த வேகத்தில் செத்துப் போய் வரிசைக்குத் திரும்புவார்கள். அக்காவின் கையில் ஜொய்ஸ்டிக் போனால் மற்றவர்கள் தேத்தண்ணீர் ஊற்றப் போய்விடலாம். அவர் சாவதற்குள் தேத்தண்ணீர் ஆறியும் விடும். அந்த லயத்தில் பெட்டி சம்பந்தமாக எது என்றாலும் அவர் சொன்னதுதான் முடிவு.

இப்படி நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் கொழும்பு புதுச் சக்கரம் பூட்டியது.

வெள்ளி நிறத்தில் ஒரு புதுப் பெட்டி வரப்போகிறது என்று எங்களைக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். பெட்டி அழகாகத்தான் இருந்தது. ஆனால் பழைய விளையாட்டுக் கெசட் எதுவும் அதில் ஏறாது. யாரும் கழற்றாதபடி சீல் வைத்திருந்தார்கள். படம் நிறத்தில் மட்டும் என்று கணக்குப் போட்டு, புது டீவிகளின் முன்னால் இருக்கிற சிவப்பு மஞ்சள் ஓட்டைகளில் செருகுகிற மாதிரி செய்திருந்தார்கள். பழைய பெட்டிக்குள் ஒரு சின்னத் தகர டப்பா இருக்கும். அன்டெனா வயர் வழியாகப் படத்தைப் பழைய டீவிக்கு அனுப்புவது அதுதான். செலவைக் குறைக்கிறோம் என்று அதைத் தூக்கிவிட்டார்கள். கூட வந்த விளையாட்டிலோ சிவப்புப் பழத்தைத் தின்ன வேண்டும், பச்சைப் பழத்தைத் தொட்டால் சாவு.

யாருக்காவது கேள்வி உண்டா என்று டிரெக்டர் கேட்டார். கொழும்புத் தமிழர், நல்ல மனிதர், வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. நான் எழுந்து, எங்கள் பக்கம் இருப்பது கறுப்பு வெள்ளை டீவி சேர், ஓட்டையும் இல்லை நிறமும் இல்லை என்றேன். அவர் சிரித்தார்.

"இந்தப் பெட்டிக்காகவே அவங்க கலர் டீவி வாங்குவாங்க, பாருங்க."

லாடம் கிடைத்தது என்று குதிரை வாங்கின கதை! எனக்கு வாயில் வந்தது. பக்கத்தில் இருந்த சேர் மெதுவாக என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். உட்கார்ந்துவிட்டேன். கோபம் மட்டும் இரத்தினபுரி வரைக்கும் என்னோடு பஸ்ஸில் வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. பழைய சிவப்புப் பெட்டியைக் கொண்டு வந்து கொடுத்தால் வெள்ளிப் பெட்டி சகாய விலையில் தரப்படும் என்று ஒலிபெருக்கி கட்டிய ஒரு லொறி கலவானைக்கு வந்தது. லொறியில் ஜெனரேட்டர், பெரிய கலர் டீவி. அதில் அந்த விளையாட்டைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது? நானாவிடம்கூட ஒரு வார்த்தை கேட்காமல் அவருடைய கடை வாசலிலேயே நேரடியாக விற்றுவிட்டு, வாங்கிய சிவப்புப் பெட்டிகளை அவருடைய பின்னறையில் அடுக்கிவிட்டுப் போனார்கள். இரண்டு நாளில் கொழும்பிலிருந்து கட்டளை வந்தது. சேர்ந்த சிவப்புப் பெட்டிகளைக் கடை வாசலில் மக்கள் பார்க்க உடைக்க வேண்டும், உடைப்பதைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். பழையது ஒழிந்தது என்று எல்லாருக்கும் தெரிய வேண்டுமாம்.

அந்தப் பின்னறையில் நின்று பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. எல்லாம் ஓடுகிற பெட்டி. ஒவ்வொன்றும் ஒரு லயத்தின் ஞாயிற்றுக்கிழமை. ஓட்டை வாளியைக்கூட எறியாமல் அடியில் மண் போட்டுக் கொத்தமல்லி விதைக்கிற ஊரில், ஓடுகிற பெட்டியை எப்படி உடைப்பது?

சேர் கட்டளையை வாசித்தார். வெளியே பார்த்தார். மழை ஊற்றிக்கொண்டிருந்தது.

"பாயனகங் இமு," என்றார். மழை வெளிக்கும் வரைக்கும் இருப்போம் என்று அர்த்தம்.

கலவானையில் ஐப்பசி மழை எப்படி இருக்கும் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். துவைத்த துணி வாரக்கணக்கில் காயாது. கொழும்பிலிருந்து போன் வரும். சேர் பிளேன்டியை முடிப்பார், ரிசீவரை எடுப்பார், மழை சேர் என்பார். உள்ளே வைத்து உடையுங்கள் என்பார்கள். மக்கள் பார்க்க வேண்டும் என்றல்லவா எழுதியிருக்கிறீர்கள், மழையில் யார் வந்து நிற்பார்கள் என்பார். அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, கவனியுங்கள். முட்டாள்தனமான கட்டளைக்கு முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்வது வீரம்தான். ஆனால் அப்படிச் சொல்லியிருந்தால் அவருக்குப் பதில் வேறு ஒருவர் சம்மட்டியோடு வந்திருப்பார். இதை அன்று நான் புரிந்துகொள்ளவில்லை.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை. வாராவாரம் போகிறபடி நான் கலவானையில் நானாவின் கடையில் இருந்தேன். சேரைக் கொழும்புக்குக் கூப்பிட்டிருந்தார்கள், ஏன் இன்னும் உடைக்கவில்லை என்று கேட்க. காற்றில் மரம் விழுந்து டவுனில் போன் வேலை செய்யவில்லை. அப்போது கடைவாசலில் ஒரு பெண் தலையில் பொலித்தீன் சுற்றிய பெட்டியோடு வந்து நின்றார். செல்வமணி அக்கா. உச்சியிலிருந்து கால் வரை நனைந்திருந்தார், பெட்டி மட்டும் நனையவில்லை.

தண்ணீர் கொடுத்தேன். வாங்கவில்லை.

"மிஸ், படமே வரல," என்றார். "ஊரு பெட்டியக் குடுத்துட்டு இத வாங்கிட்டுப் போனேன். ஓடுற பெட்டியக் குடுக்காதன்னு எங்க வீட்டுக்காரரு தலபாடா அடிச்சிக்கிட்டாரு. நான் கேக்கல. இப்ப லயத்துல ஒருத்தரும் என்கிட்ட முகம் குடுத்துப் பேச மாட்டேங்குறாங்க."

விஷயம் புரிகிறதா? அது அவர் வீட்டுப் பெட்டி இல்லை. அக்கா தெரிந்துதான் செய்வார் என்று நம்பி எல்லாரும் சேர்ந்து கொடுத்த பெட்டி. தீபாவளிக்குப் புது விளையாட்டு ஓடும் என்று பிள்ளைகள் காத்திருந்தார்கள். ஓடாவிட்டால் அந்த லயத்தில் அவர் வார்த்தைக்கு இனி மதிப்பு இல்லை. ஒரே வாசலில் காலம் முழுக்க வாழ வேண்டியவர்களுக்கு அது சின்ன விஷயம் அல்ல.

விற்ற பெட்டியைத் திரும்ப எடுக்கக் கூடாது என்பது கொழும்பின் இன்னொரு கட்டளை. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்து, பின்னறையில் தேடி அவர்களுடைய சிவப்புப் பெட்டியையே எடுத்து வந்தேன். மூடியில் குங்குமப் பொட்டு வைத்திருந்ததால் தேடுவது சுலபமாக இருந்தது. இதைக் கொண்டு போங்கள் அக்கா, புதுசை நான் வைத்துக்கொள்கிறேன், யாருக்கும் சொல்லாதீர்கள் என்றேன். நான் ஏதோ பெரிய தானம் செய்வதாக நினைத்துக்கொண்டேன். அவர் அந்தப் பொட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு பெட்டியை என் பக்கமே தள்ளினார்.

"பழசத் தூக்கிட்டுப் போனா நான் ஏமாந்துட்டேன்னு நானே சொன்ன மாதிரி ஆயிரும். புதுசு ஓடணும் மிஸ். நீங்க வித்தது தானே?"

நான் விற்கவில்லை, லொறி விற்றது, வேண்டாம் என்று கூட்டத்தில் எழுந்து சொன்னதே நான்தான் என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. சொல்லவில்லை. தம்பி தங்கைகளே, கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவருக்கு நீங்கள்தான் கம்பனி. அவருக்கு வேறு கம்பனி தெரியாது.

நானா இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்பில் உள்ள தகர டப்பாவைக் கழற்றி வெள்ளிக்குள் வைத்தால் பழைய டீவியில் படம் வரக்கூடும் என்று அவருக்கும் தோன்றியது, எனக்கும் தோன்றியது. இருவரும் சொல்லவில்லை. வெள்ளிப் பெட்டியின் அடியில் அந்தச் சீல் பளபளத்துக்கொண்டிருந்தது. சீல் உடைந்த பெட்டியோடு பிடிபடுகிற ஊழியருக்கு வேலை இல்லை என்று கூட்டத்திலேயே சொல்லியிருந்தார்கள்.

"தொறக்கிய எனக்கு லேசி, தங்கச்சி," என்றார் நானா. "வேல போறது ஒங்கட. நீங்க சொன்னாத்தான் நான் கை வைப்பேன்."

கேட்பதற்கு சேர் இல்லை, போனும் இல்லை. பயந்தேன், உள்ளதைச் சொல்கிறேன். அப்பாவுக்கு ஓய்வூதியம் கிடையாது, தம்பி படித்துக்கொண்டிருந்தான், என் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. ஆனால் எதிரே ஈரச் சேலையோடு நின்ற அக்காவின் முகத்தைப் பார்க்கையில், என் வேலை போனால் இன்னொரு வேலை தேடலாம், இவர் போய் இன்னொரு லயம் தேட முடியாது என்று தோன்றியது. திறங்கள் நானா என்றேன்.

அவர் சீலைக் கிழித்தார். கிழிந்த இடத்தில் நான் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, திறந்தது நான் என்று எழுதி, என் பெயரையும் அன்றைய தேதியையும் போட்டேன். நானா அதைப் பார்த்து, இது எதற்கு, தெரியாமல் ஒட்டிவிடலாமே என்றார். தெரியாமல் ஒட்டினால் நாளைக்கு இதை அக்கா உடைத்தார் என்பார்கள், அல்லது நீங்கள் உடைத்தீர்கள் என்பார்கள். விதியை மீற வேண்டி வந்தால் மீறின இடத்தில் உங்கள் பெயரை எழுதிவிடுங்கள். அந்தத் தைரியம் வரவில்லை என்றால் மீறாதீர்கள்.

நானா ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோலை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் கடையில் இருந்த பழைய டீவியில் கோடு கோடாக ஓடி, ஆடி, அசைந்து, படம் நின்றது. நான் கை தட்டினேன். அக்கா தட்டவில்லை, ஜொய்ஸ்டிக்கைக் கையில் எடுத்தார். முதல் பழத்தைத் தின்றார். செத்தார்.

சிவப்பும் பச்சையும் கறுப்பு வெள்ளைத் திரையில் ஒரே சாம்பல் நிறம். வேலையையும் பணயம் வைத்து, இதுவும் உதவவில்லையே என்று தலையில் கை வைத்தேன். அக்கா திரும்ப விளையாடினார். திரும்பச் செத்தார். சாகச் சாக அவர் முகத்தில் களை வந்தது. உதடு மட்டும் ஏதோ முணுமுணுத்தது.

"பழம் வர்ற வரிச மாறல மிஸ்," என்றார் கடைசியில். "மொத ரெண்டும் வெசம். மூணாவது நல்லது. அப்புறம் ஒண்ணு விட்டு ஒண்ணு. இது போதும், நான் பாத்துக்கிறேன்."

பெட்டியைப் பொலித்தீனில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு மழைக்குள் இறங்கினார். இறங்குவதற்கு முன்தான் அந்தத் தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடித்தார்.

தீபாவளி முடிந்த கையோடு மற்ற லயக்காரர்களும் வரத் தொடங்கினார்கள். செல்வமணி அக்காவின் லயத்தில் புதுப் பெட்டி ஓடுகிறது என்ற செய்தி தோட்டம் தோட்டமாகப் போயிருந்தது. நானாவின் கடையில் பெட்டரிக்கு ஒரு வரிசை, பெட்டிக்கு ஒரு வரிசை. நான் வாரம் தவறாமல் வந்து தாள் ஒட்டிக் கையெழுத்துப் போட்டேன். சேரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் ஒரு தாளை வாங்கிப் பார்த்தார். என் பெயருக்குக் கீழே தன் பெயரையும் எழுதினார். அதற்குப் பிறகு அவரைச் சோம்பேறி என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

இவ்வளவு பெயர் எழுதினால் கொழும்புக்குத் தெரியாமல் போகுமா? கார்த்திகை பிறந்ததும் டிரெக்டரே புறப்பட்டு வந்தார். இரண்டு விஷயம்: சிவப்புப் பெட்டிகளை ஏன் உடைக்கவில்லை, வெள்ளிப் பெட்டிகளை யார் உடைத்தது. சேரையும் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு கலவானைக்கு வந்தார். நான் மனதுக்குள் என் ராஜினாமாக் கடிதத்தை எழுதிக்கொண்டு வந்தேன், அதுவும் ஆங்கிலத்தில்.

கடையில் தாள் ஒட்டிய ஒரு பெட்டியை எடுத்து, இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று என்னைக் கேட்டார். சேர்தான் பதில் சொன்னார், சொல்வதைவிடக் காட்டுவது லேசு, இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, லயம் பக்கத்தில்தான் என்று. டிரெக்டர் மறுக்கவில்லை. மழைத் தூறலில் தேயிலை நடுவே நடந்து போனோம். போய்ச் சேர்வதற்குள் அவருடைய வெள்ளைக் காலுறையில் அட்டைகள் ஏறிவிட்டன. லயத்துப் பெண்கள் சவர்க்காரம் தேய்த்து எடுத்துவிட்டார்கள்.

வாசலில் வழக்கமான கூட்டம். செல்வமணி அக்கா எழுந்து நின்று, வாங்க சேர், நீங்களும் ஒரு உயிர் விளையாடுங்க என்று ஜொய்ஸ்டிக்கைக் கொடுத்தார். விருந்தாளி அல்லவா, வரிசையில் முதல் இடம். பெட்டியைச் செய்த கம்பனியின் டிரெக்டர் என்ற தைரியத்தில் அவர் சிரித்துக்கொண்டே வாங்கினார். திரையில் முதல் பழம் வந்தது.

"மொத ரெண்டும் வெசம்!" என்று பின்னாலிருந்த பிள்ளைகள் பாட்டாகப் பாடினார்கள். அவர் அதைக் கவனிக்கவில்லை. தின்றார். செத்தார்.

"இதுல எது சிவப்பு, எது பச்சைன்னு எப்படித் தெரியும்?" என்று அவர் திரும்பிக் கேட்டார். உண்மையாகவே கேட்டார்.

"அது உங்களுக்குத் தெரியும்னு தான் சேர் நாங்க நெனச்சோம்," என்றார் அக்கா.

கேலி ஒன்றும் இல்லை, மரியாதையாகத்தான் சொன்னார். வாசலில் ஒருவரும் சிரிக்கவில்லை. டிரெக்டர் திரையைப் பார்த்தார், பெட்டரியைப் பார்த்தார், அன்டெனா வயரைக் கண்ணால் தொடர்ந்து போய்க் கூரையில் கட்டியிருந்த மூங்கிலைப் பார்த்தார். இன்னொரு தடவை விளையாடலாம் என்று ஜொய்ஸ்டிக்கை இறுக்கிப் பிடித்தார். பக்கத்தில் இருந்தவர் பவ்வியமாகக் கையை நீட்டினார். ஆளுக்கு ஓர் உயிர்தான். அவர் கொடுத்துவிட்டு எழுந்து, வரிசையின் கடைசியில் போய் ஒரு கொழுந்துச் சாக்கின் மேல் உட்கார்ந்தார்.

புறப்படலாமா என்று சேர் கேட்டார். என் முறை வரட்டும் என்றார் டிரெக்டர்.

முறை வர நெடுநேரம் ஆயிற்று. அதற்குள் அவருக்குத் தேத்தண்ணீரும் முறுக்கும் வந்தன. பிள்ளைகளோடு சேர்ந்து அவரும் பாடக் கற்றுக்கொண்டார். இரண்டாம் முறை மூன்றாவது பழம் வரைக்கும் போய், அதைச் சாகாமல் தின்றுவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில்தான் என் வேலை பிழைத்தது என்று எனக்குத் தெரிந்தது. அப்பாடா என்று இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அடுப்புப் புகை என்று சமாளித்தேன்.

அந்த மாதமே கொழும்பிலிருந்து ஒரு புதுச் சாமான் வந்தது. வெள்ளி நிறத் தகர டப்பா, அழகான ஆங்கிலப் பெயர். தலைமை அலுவலகம் நீண்ட ஆராய்ச்சிக்குப் பின் கண்டுபிடித்ததாம். நானா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மாஷா அல்லாஹ் என்றார். ஆனால் கெசட் ஏறாத குறை ஏறாததுதான். அந்தக் கோபத்தில் சனங்கள் வெளிநாட்டு மலிவுப் பெட்டிகளின் பக்கம் போனார்கள். சில வருடத்தில் நம் கம்பனி பெட்டி செய்வதை விட்டு டீவி விற்றது, பிறகு உங்கள் காலத்தில் போனுக்கு வந்து சேர்ந்தது.

ஒன்று மறந்துவிட்டேன். சிவப்புப் பெட்டிகளை உடைக்கச் சொன்ன கட்டளையை யாரும் ரத்துச் செய்யவில்லை. கட்டளை போட ஆள் இருப்பார்கள், அதைத் திரும்ப எடுக்க யாருக்கும் ஞாபகம் இருக்காது. தைப்பொங்கல் கழிந்து ஒரு காலை, கலவானையில் சுள்ளென்று வெயில் அடித்தது. சேர் வானத்தை அண்ணாந்து பார்த்தார். சரி, கட்டளையை நிறைவேற்றுவோம் என்றார்.

பின்னறையிலிருந்து சிவப்புப் பெட்டிகளை வாசலுக்கு எடுத்து வந்து குவித்தோம். தூக்குவது லேசாக இருந்தது, உள்ளே ஒன்றுமில்லையே. தகர டப்பாக்கள் எல்லாம் வெள்ளிப் பெட்டிகளுக்குள் போயிருந்தன, மிச்ச உறுப்புகளை நானா ரேடியோக்களுக்கு வைத்திருந்தார். வெறும் மூடிகள். குங்குமப் பொட்டு வைத்ததை மட்டும் காணவில்லை. அது யார் வீட்டில் இருந்தது என்று நான் கேட்கவில்லை. கொழும்பு கேட்டபடி மக்களும் கூடிவிட்டார்கள். முதல் அடியை நான் அடிக்கிறேன் என்று செல்வமணி அக்கா வந்து நானாவிடம் சம்மட்டியை வாங்கினார். நான் படம் எடுத்தேன்.

கொழும்பில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தலைமை அலுவலகத்தில் மாட்டினார்கள். கட்டளையை அப்படியே நிறைவேற்றிய கிளை என்று சேருக்குப் பாராட்டும் வந்தது. நான் ஓய்வு பெற்ற அன்று போய்ப் பார்த்தேன், இன்னும் அதே சுவரில் இருந்தது. நீங்களும் பயிற்சிக்குப் போகும்போது பார்ப்பீர்கள். ஒரு பெண் வெயிலில் சம்மட்டியை ஓங்கிக்கொண்டு நிற்கிறார், சுற்றி நிற்கிற அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.

தங்கள் சொந்தப் பெட்டிகள் உடைவதைப் பார்த்து இவர்கள் ஏன் இப்படிச் சிரிக்கிறார்கள் என்று இத்தனை வருடத்தில் அந்தக் கட்டடத்தில் ஒருவரும் கேட்கவில்லை. நீங்கள் அந்த மாடிக்கு ஏறிப் போகிற காலம் வரும். அப்போது கேளுங்கள்.